இருபது ரூபாயோடு வரும் பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டும்: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், 200 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும்:

கையில் இருபது ரூபாயோடு வரும் ஒரு பிள்ளை, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, கூரைக்கு அடியில் நின்று விளையாடும் இடம் இந்த நகரத்தில் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. நான் விளையாட்டு இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறவன். தொண்ணூறுகளில் தெருமுனை வீடியோ கேம் கடைகளுக்கு ஜாய்ஸ்டிக் மாற்றிக் கொடுப்பதில் தொடங்கினேன். பிறகு வணிக வளாகங்களின் விளையாட்டுக் கூடங்களிலும், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் தளங்களிலும் வேலை பார்த்தேன். வடசென்னையில் எந்தக் கடை எதனால் திறந்தது, எதனால் மூடியது என்பது எனக்கு ஓரளவு தெரியும். சென்ற மாதம் ஓட்டேரிப் பக்கம், நான் வழக்கமாகப் போய்வந்த கடைசிக் கடையையும் காலி செய்துவிட்டார்கள். குச்சியால் பந்துகளைத் தட்டிக் குழியில் தள்ளி ஆடும் பூல் மேசையைப் பிரித்து வண்டியில் ஏற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்த வேலையை முடித்த பிறகு வாய் மூடி இருக்க மனம் ஒப்பவில்லை.

அது பெரிய கடை ஒன்றும் இல்லை. இரண்டு பூல் மேசை, நான்கு கேரம் பலகை, மூலையில் நான் பலமுறை உயிர் கொடுத்த ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. ஒவ்வொரு கேரம் பலகைக்கும் மேலே, ஆடுகிறவர் நெற்றிக்குக் கொஞ்சம் உயரத்தில், தகர மூடி போட்ட ஒரு குண்டு பல்பு தொங்கும். பலகையில் தூவும் போரிக் பவுடர் காற்றில் பறந்து அந்த வெளிச்சத்தில் தெரியும். ஒரு ஆட்டத்துக்குப் பத்து ரூபாய், தோற்றவர் கொடுப்பார். மெக்கானிக் கடைப் பையன்கள், கூரியர் சுமக்கிறவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்கள் என்று எல்லா வயதினரும் வருவார்கள். குடித்துவிட்டு வரும் யாரையும் கடைக்காரர் உள்ளே விடமாட்டார். யாராவது பணம் வைத்து ஆடினால் அன்றோடு அவருக்கு அந்த வாசல் மூடிவிடும். கட்டட உரிமையாளர் வாடகையை இரு மடங்காக்கினார். செல்போன் உதிரி பாகங்கள் விற்கும் கடைக்காரர் ஒருவர் அந்த வாடகையைக் கொடுக்க முன்வந்தார். அவ்வளவுதான் கதை.

இப்படி ஒவ்வொரு கடையும் தனித்தனியாக, சத்தமில்லாமல் மூடியதால்தான் யாரும் இதை ஒரு பிரச்சினையாகப் பார்க்கவில்லை. ஒரு நூலகத்தை மூடினால் நான்கு பேர் பலகை பிடித்து நிற்பார்கள். ஒரு திடலை விற்றால் செய்தி வரும். கேரம் கிளப் மூடினால் "பிள்ளைகள் இனியாவது உருப்படுவார்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். உருப்படுகிறார்களா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொண்ணூறுகளின் வீடியோ கேம் கடைகளை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நான்கைந்து பெட்டிகள். ஒரு ரூபாய் நாணயம் போட்டால் ஒரு ஆட்டம். கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ஒரு சண்டை விளையாட்டுக்கு நம் பிள்ளைகள் அதில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரால் "முஸ்தபா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் மூன்று பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடலாம். பக்கத்தில் நிற்பவன் யார், எந்தத் தெரு, எந்தப் பள்ளி, என்ன சாதி, எதுவும் தெரியாமல் மூன்று பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி நின்று ஒரே எதிரியை அடிப்பார்கள். "அந்த இறைச்சித் துண்டை நீ எடுத்துக்கோ, எனக்கு உயிர் இருக்கு" என்று முன்பின் அறியாதவனுக்கு விட்டுக்கொடுப்பதை நான் பெட்டியின் பின்பக்கம் சாலிடர் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். இதே பிள்ளைகள் வேறு எங்கே ஒருவரோடு ஒருவர் அப்படிப் பேசியிருப்பார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடைகள் ஏன் போயின என்று கேட்டால், செல்போன் வந்தது, பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அதை மறுக்கிறேன். செல்போன் ஒரு காரணம். அதற்கு முன்பே கழுத்தை நெரித்தவை வேறு.

முதல் காரணம் வாடகையும் அதோடு சேர்ந்த வரியும். விளையாட்டுக் கடை என்பது இடத்தைத் தின்னும் தொழில். ஒரு கேரம் பலகையைச் சுற்றி நான்கு பேர் உட்கார வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்க வேண்டும். அதே இடத்தில் நாற்பது ரகச் செல்போன் உறைகளைத் தொங்கவிட்டு விற்கலாம். 2022 ஏப்ரலில் சொத்து வரியைச் சீராய்வு செய்தபோது, நகரின் பழைய பகுதிகளில் வணிகப் பயன்பாட்டுக் கட்டடங்களுக்கு 150 சதவீதம் உயர்த்தப்பட்டது. வரியை உயர்த்தவே கூடாது என்று நான் வாதாடவில்லை. நகரம் நடக்கப் பணம் வேண்டும். ஆனால் அந்த உயர்வு நகைக்கடைக்கும் கேரம் கடைக்கும் ஒரே அளவுகோலில் வந்தது. கட்டட உரிமையாளர் அதைத் தன் சட்டைப் பையிலிருந்தா கட்டுவார்? வாடகையில் ஏற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணமும் ஏறியது. பத்து ரூபாய்க்குக் கேரம் ஆடவிடும் கடை, மின்சாரத்துக்கு வணிகக் கட்டணம்தான் கட்டுகிறது.

இரண்டாவது காரணம் இயந்திரங்களின் மீதான வரி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது வீடியோ கேம் பெட்டிகள், பூல் மேசைகள், பவுலிங் கருவிகள் எல்லாவற்றையும் 28 சதவீதப் பட்டியலில் வைத்தார்கள். ஆடம்பரப் பொருள்களுக்கு அன்று இருந்த வரி அது. 2018 டிசம்பரில் ஜிஎஸ்டி மன்றம் அதை 18 சதவீதமாகக் குறைத்தது. அதற்குள் சிறிய கடைக்காரர்கள் புதிய பெட்டி வாங்கும் ஆசையையே விட்டுவிட்டிருந்தார்கள். பிக்சர் டியூப் போனால் பழைய டிவியைப் பிரித்து அதிலிருந்து எடுத்துப் பொருத்துவேன். மைக்ரோ சுவிட்ச் போனால் மின்னணு உதிரி பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் தேடி அலைவேன். அதுவும் கிடைக்காமல் போன நாள் வந்தது. பெட்டி எடைக்குப் போனது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: சந்தேகம். சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888ஆம் ஆண்டுச் சட்டம். சூதாட்ட இடங்களுக்கான தண்டனைகள் அதில் இருக்கின்றன, இருக்க வேண்டியதும்தான். ஆனால் பணம் வைத்து ஆடும் கிளப்பையும் பிள்ளைகள் கேரம் ஆடும் அறையையும் ஒரே கண்ணால் பார்க்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில், மாலை நேரத்தில் ரோந்து வந்தவர்கள் ஆடிக்கொண்டிருந்த பையன்களை வரிசையாக நிற்கவைத்து, சட்டைப் பையைத் துழாவி, பெயரும் அப்பா பெயரும் எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவரிடமும் எதுவும் இல்லை. வழக்கும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பவில்லை. உரிமம் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கேட்டால் ஒரே மேசையில் பதில் கிடைப்பதில்லை. ஒரு கேரம் பலகை வைத்திருப்பவன் எத்தனை அலுவலகப் படிகளை ஏறுவான்?

இனி வணிக வளாகங்களுக்கு வருகிறேன். அங்கேதான் எனக்கு இப்போது சம்பளம். ஆகவே அங்கு நடப்பதை ஒளித்து வைக்க எனக்கு ஒன்றும் இல்லை. பவுலிங் தளம் என்பது உண்மையிலேயே செலவு பிடிக்கும் பொருள். பந்தை விடும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. ஓடிவந்து பந்தை விடக் குறைந்தது 15 அடி. கட்டைகளுக்குப் பின்னால் இயந்திரமும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் நடக்கும் இடமும். இவ்வளவு நீளத்தில், மூன்றரை அடி அகலத்தில் ஒரு லேன். அதில் ஒரு நேரத்தில் ஐந்தாறு பேர் ஆடலாம். விழுந்த கட்டைகளை அள்ளி, நிமிர்த்தி, மீண்டும் பத்தாக அடுக்கும் இயந்திரத்தை நீங்கள் முன்பக்கத்திலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். பின்னால் நின்றால் பட்டைகளும் சங்கிலிகளும் மோட்டார்களும் ஓயாமல் ஓடும். ஒரு கட்டை குறுக்கே மாட்டினால் ஆட்டமே நிற்கும். மரத்தளத்தைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். வளாக வாடகையும் இந்தப் பராமரிப்பும் சேரும்போது நடத்துகிறவர் விலையை ஏற்றத்தான் செய்வார். அவர்மீது மட்டும் பழி போட மாட்டேன்.

ஆனால் விளைவைப் பாருங்கள். என் தங்கை மகனின் பிறந்தநாளுக்கு நாங்கள் நால்வர் ஒரு வளாகத்துக்குப் போனோம். நான் வேலை பார்க்கும் இடம் அல்ல அது. ஒரு ஆட்டத்துக்குத் தலைக்கு 350 ரூபாய். கட்டாயக் காலுறைக்குத் தலைக்கு 50. முக்கால் மணி நேரத்தில் 1,600 ரூபாய் கரைந்தது. அதே தளத்தில் வீடியோ கேம் ஆட வேண்டுமென்றால் முதலில் ஒரு அட்டை வாங்கி அதில் குறைந்தது 500 ரூபாய் ஏற்ற வேண்டும், மீதம் திரும்பாது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ரூபாயில் விலை இல்லை, புள்ளிக் கணக்கில் இருக்கிறது. எவ்வளவு செலவாகிறது என்று ஆடுகிற பிள்ளைக்கும் தெரியாது, நிற்கிற அப்பாவுக்கும் தெரியாது. என் தங்கை கணவர் கட்டட வேலை செய்கிறவர். வெளியே வந்ததும் அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு இனி அடுத்த பிறந்தநாள்தான்.

ஆண்டுக்கு ஒரு முறை வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் விளையாட்டு அல்ல. நினைத்த மாலையில், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போய், இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, சாப்பாட்டுக்குள் வீடு திரும்புவதுதான் ஒரு பிள்ளைக்கு வேண்டிய விளையாட்டு. அதைக் கொடுத்தவை தெருமுனைக் கடைகள். வளாகங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றின் வேலையைச் செய்யவில்லை.

நம் வீடியோ கேம் பெட்டிகளின் ஆட்டங்கள் பல பிறந்த ஜப்பானிலும் இதே நிலைதான் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அங்கே ஒரு ஆட்டம் நூறு யென் நாணயம் என்பது பல பத்தாண்டுகளாக மாறாத வழக்கம். நுகர்வு வரி 1989இல் 3 சதவீதத்தில் தொடங்கி 2019இல் 10 சதவீதத்தை எட்டியபோதும் நாணயம் நூறாகவே இருந்தது, கடைக்காரர்தான் நசுங்கினார். சேகா நிறுவனமே தன் விளையாட்டுக் கூடங்களின் பெரும்பங்கை 2020இல் விற்று, 2022இல் அந்தத் தொழிலை விட்டு முழுவதுமாக வெளியேறியது. இதிலிருந்து சிலர், காலம் மாறிவிட்டது, விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். எனக்குத் தெரிவது வேறு: சந்தையை மட்டும் நம்பினால் மலிவான விளையாட்டு எங்கேயும் தங்காது. நூலகமும் பூங்காவும் சந்தையில் தங்காது என்பதால்தானே அவற்றை அரசும் மாநகராட்சியும் நடத்துகின்றன?

வீட்டில் அடைபட்ட பிள்ளை என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்ய நம் சட்டமன்றம் 2022இல் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை கொண்டுவந்தது. கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் குடும்பங்களை நினைத்தால் அந்தச் சட்டங்கள் தேவைதான். நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு கதவை அடைத்தவர்கள் எந்தக் கதவைத் திறந்து வைத்தோம் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? விளையாடும் ஆசையைச் சட்டம் போட்டு நிறுத்த முடியாது. பக்கத்தில் நாலு பேர் பார்க்கும் வெளிச்சமான அறையில் அந்த ஆசைக்கு இடம் இல்லையென்றால், போர்வைக்குள் ஒளிரும் திரையில் அது இடம் தேடிக்கொள்ளும்.

திடல்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, அவற்றின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பகல் மூன்று மணிக்குத் திடலில் நிற்க முடியுமா? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பாதி நாள் அங்கே தண்ணீர் நிற்கிறது. இருட்டிய பிறகு பெண் பிள்ளைகள் அங்கே போவதில்லை. போனாலும் ஓரத்தில் நிற்கிறார்கள். கால் ஊனமுற்ற ஒரு பிள்ளைக்கும் அறுபது வயதுக்காரருக்கும் கால்பந்துத் திடல் எதற்கு உதவும்? கேரமும் பூலும் டேபிள் டென்னிசும் அவர்களையும் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டுகள். ஓட்டேரிக் கடையில் போலியோவால் கால் சூம்பிய ஒருவர் இருந்தார். பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பேட்டையில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. அவர் இப்போது மாலைகளில் எங்கே போகிறார் என்று கேட்டேன். வீட்டிலேயே இருக்கிறாராம்.

இதே வடசென்னைதான் உலகத்துக்குக் கேரம் வீரர்களைக் கொடுத்தது என்பதை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவர், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. மனம் குளிர்ந்த நாள் அது. அவருக்கு முன்பே இரண்டு முறை உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயமும் இந்த நகரத்தவர்தான். இவர்கள் யாரும் வணிக வளாகத்தில் உருவாகவில்லை. குண்டு பல்பு தொங்கும் சின்ன அறைகளிலும் தெருவோரப் பலகைகளிலும் விரல் பழகியவர்கள் நிறைந்த பேட்டைகளிலிருந்து வந்தவர்கள். பரிசுத் தொகையோடு நம் கடமை முடிந்துவிட்டதா? அடுத்த காசிமா முதன்முதலில் ஸ்ட்ரைக்கரைத் தொட வேண்டிய அறைக்குத்தான் வாடகை கட்ட ஆள் இல்லை.

2024 அக்டோபரில் நடந்ததை மறக்கவில்லை. செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஆடுகிறவரிடம் ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்க மாமன்றம் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு எழுந்தவுடன் ஓரிரு நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றீர்கள். வியாசர்பாடிப் பிள்ளையால் மணிக்கு 120 ரூபாய் கொடுக்க முடியாது என்பதை அன்று ஒப்புக்கொண்டீர்கள். அதற்காக நன்றி சொல்கிறேன். அதே நியாயம் கூரைக்கு அடியிலான விளையாட்டுக்கும் பொருந்தும். புல்தரையில் 120 ரூபாய் அநியாயம் என்றால், பவுலிங்கில் ஒரு ஆட்டத்துக்கு 350 ரூபாய் வாங்குவதை எப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

கட்டணத்தைக் கட்டுப்படுத்துவது நமக்குப் புதிதும் இல்லை. சினிமா டிக்கெட்டுக்கு இந்த மாநிலம் பல காலமாக உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 அக்டோபர் வரை சென்னையின் மல்டிபிளெக்ஸ் அரங்குகளில் 120 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. அதே அரங்கின் முன்வரிசையில் பத்து ரூபாய் டிக்கெட்டும் இருந்தது. குளிரூட்டிய அரங்கில், அதே திரையை, பத்து ரூபாய் கொடுத்தவனும் பார்த்தான். அதற்காகக் காலையிலேயே வரிசையில் நின்ற கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர்! அரங்குகள் அதனால் இடிந்து விழவில்லை. படிக்கவும் வேலை செய்யவும் இடமில்லாத இளைஞர்களுக்காகக் கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டு, சொற்பக் கட்டணத்தில் நடக்கிறது. படிக்க ஒரு மேசை வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட அரசுக்கு, விளையாடவும் ஒரு மேசை வேண்டும் என்பது புரியாமல் போகாது. 1,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டுப் பிறகு பல மடங்கு விரிவாக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் கேரம் பலகைகளுக்கு இடமில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே கேட்கிறேன்.

ஒவ்வொரு மண்டலத்திலும், மாநகராட்சிக்குச் சொந்தமான கட்டடம் ஒன்றில், மாலை மூன்று மணி முதல் இரவு பத்து மணி வரை நடக்கும் ஒரு உள்ளரங்க விளையாட்டுக் கூடத்தைத் திறந்து வையுங்கள். புதிதாகக் கட்ட வேண்டாம். பூட்டிக் கிடக்கும் கட்டடங்களின் பட்டியல் உங்கள் பொறியாளர்களிடமே இருக்கும். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சமுதாய நலக்கூடங்களும் சும்மாதான் கிடக்கின்றன. கேரம், சதுரங்கம், டேபிள் டென்னிஸ், பூல், இரண்டு மூன்று வீடியோ கேம் பெட்டிகள், தலைக்கு மேல் நல்ல விளக்கு, குடிநீர், சுத்தமான கழிப்பறை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். மற்றவர்களுக்கு மணிக்குப் பத்து ரூபாய்க்கு மேல் வேண்டாம். வருமானப் பங்கீடு என்ற பெயரில் ஒப்பந்ததாரரிடம் விடாதீர்கள். திரு.வி.க. நகர், ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டலங்களில் முதலில் தொடங்குங்கள்.

அந்தக் கூடங்களில் ஒவ்வொரு வாரமும் குறிப்பிட்ட மாலைகளைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். பொறுப்பாளர் பெண்ணாக இருக்கட்டும். படியில்லாமல் சக்கர நாற்காலி உள்ளே வரும் வழி இருக்கட்டும்.

இன்னும் உயிரோடு இருக்கும் சிறிய விளையாட்டுக் கடைகளைக் காப்பாற்றுங்கள். ஆயிரம் சதுர அடிக்கு உட்பட்டு, பணம் வைத்து ஆடாத கடைகளுக்குச் சொத்து வரியிலும் தொழில் உரிமக் கட்டணத்திலும் தனிப் பிரிவு ஏற்படுத்தி, அந்தச் சலுகை வாடகைக்கு இருப்பவரைச் சேர ஒப்பந்தத்தில் வழி செய்யுங்கள். மின்கட்டணச் சலுகைக்கு அரசுக்குப் பரிந்துரையுங்கள். காவல் துறையோடு பேசி, எது அனுமதிக்கப்பட்டது, எது குற்றம் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, உரிமத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கடைக்காரர் அதைச் சுவரில் மாட்டிவைக்கட்டும். ரோந்து வருகிறவர் அதைப் படிக்கட்டும்.

வணிக வளாகங்களின் விளையாட்டுக் கூடங்களுக்கும் பவுலிங் தளங்களுக்கும் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது நிபந்தனை வையுங்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் விலையும் ரூபாயில், தமிழில், வாசலில் இருக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகை ஏற்றச் சொல்லும் அட்டை இல்லாமல் ஒரே ஒரு ஆட்டத்துக்கும் பணம் கட்ட வழி வேண்டும். அட்டையில் மீதம் இருந்தால் திருப்பித் தர வேண்டும். வார நாட்களில், கூட்டமில்லாத மாலை நேரத்தில், இரண்டு மணி நேரமாவது மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் வேண்டும். அந்த நேரத்தில் விளக்குகள் எரிய லேன்கள் காலியாகக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன். அவர்களுக்கு இதனால் இழப்பு இல்லை. மாநகராட்சியின் அதிகாரத்துக்கு இது மேற்பட்டது என்றால், சினிமாக் கட்டணத்தைப் போல இதற்கும் உச்சவரம்பு நிர்ணயிக்க அரசைக் கேட்டு மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

பவுலிங்கும் எளியவர்களுக்கு எட்டும். கட்டைகளைக் கயிற்றில் கட்டித் தூக்கி நிறுத்தும் இயந்திரங்கள் இப்போது பரவலாகிவிட்டன. பழைய இயந்திரத்தைவிடப் பாகங்கள் குறைவு, மின்சாரம் குறைவு, பழுதும் குறைவு. அமெரிக்காவின் பவுலிங் கூட்டமைப்பே 2023இல் அந்த வகை ஆட்டத்துக்குத் தனிப் பிரிவாக அங்கீகாரம் கொடுத்துவிட்டது. நகரத்தில் ஏதாவது ஒரு மாநகராட்சிக் கட்டடத்தில் சோதனை முறையில் இரண்டு லேன்கள் போட்டுப் பாருங்கள் என்று கேட்கிறேன். இது பேராசை என்று சிலருக்குத் தோன்றலாம். செயற்கைப் புல்லும் ஒரு காலத்தில் வியாசர்பாடிக்குப் பேராசையாகத்தான் தோன்றியது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, வார்டு வாரியாக ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள்: கட்டணம் குறைந்த உள்ளரங்க விளையாட்டு இடம் எத்தனை இருக்கிறது, எத்தனை மூடியது, பயன்படக்கூடிய மாநகராட்சிக் கட்டடம் எது. மூன்று மாதங்களுக்குள் அந்தப் பட்டியலை வெளியிடுங்கள். ஒவ்வொரு மாமன்ற உறுப்பினரும் தம் வார்டில் ஒரு இடத்தையாவது குறிப்பிட்டுச் சொல்லட்டும்.

பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையை என்னிடமும் என்னோடு இந்தத் தொழிலில் இருந்த நண்பர்களிடமும் விட்டுவிடுங்கள். முதல் கூடத்துக்கு வேண்டிய பழைய வீடியோ கேம் பெட்டிகளையும் பூல் மேசைகளையும் கூலி வாங்காமல் சரிசெய்து தருகிறோம். ஓட்டேரிக் கடையின் நான்கு கேரம் பலகைகளும் ஒரு வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கின்றன. மழைக்காலத்துக்கு முன் அவற்றை எங்கே கொண்டுவந்து இறக்கலாம் என்று அடுத்த மாமன்றக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு இயந்திரப் பழுது பார்ப்பவன்,
ஓட்டேரி, சென்னை